வேலியோரச் சுருக்குக் கம்பியில் விலங்கு மாட்டினால்

பன்றிக்கு வைத்த கண்ணியில் மானும் மாட்டும், சிறுத்தையும் மாட்டும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் கண்ணி வைப்பதும், அதற்கு முயல்வதுமே வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை (சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் விலங்குகளின் பட்டியல்) விலங்கென்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

விலங்கு மாட்டியிருப்பதைப் பார்த்தால் முதலில் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கம்பியை நீங்கள் வெட்டாதீர்கள். பெரும்பாலும் அது பைக்கின் கிளட்ச் கேபிள். முனையை மட்டும் வெட்டினால் சுருக்கு கழுத்திலோ இடுப்பிலோ நின்றுவிடும். விலங்கு அதோடு ஓடும், சதை வீங்க வீங்கக் கம்பி உள்ளே இறங்கும். சில நாளில் சீழ் பிடித்துச் சாகும்.

கூட்டத்தை விலக்குங்கள். இதுதான் மிக முக்கியம். ஆள் சத்தத்தில் திமிறத் திமிற மானின் தசையே சிதையும். வெளிக்காயம் இல்லாமலே பின்னர் இறக்கும். நாய்களைக் கட்டுங்கள், செல்போன் வெளிச்சம் வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறும்.

கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டபின் சுருக்கை முழுதாக எடுக்க வேண்டும். தோலுக்கடியில் இழை ஏதும் தங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே விடுவிக்கச் சொல்லி நெருக்காதீர்கள். இடுப்பில் இறுகிய கம்பி உள்ளுறுப்பைக் கெடுத்திருக்கலாம்.

பிறகு வேலி முழுக்க நடந்து பாருங்கள். கண்ணி ஒன்றோடு நிற்பது அரிது.