பல்கலைக்கழக வளாகப் பணிக்குப் பொலிஸாரைத் தயார்படுத்துதல்: கொழும்புக்கான ஒரு பயிற்சித் திட்டம்

கலகம் அடக்க மட்டுமே பயிற்றுவிக்கப்பட்ட ஒருவரைப் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தினால், அவர் கலகத்தைத்தான் எதிர்பார்த்து நிற்பார். ஆனால் வளாகத்திலிருந்து பொலிஸ் நிலையத்துக்கு வருகிற வேலைகள் பெரும்பாலும் வேறு மாதிரி: பகிடிவதை முறைப்பாடு, தொலைந்த மடிக்கணினி, போர்டிங்கில் நடந்த அடிதடி, பஸ்ஸில் தொல்லைப்பட்ட மாணவி, அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு திறக்காத ஒரு பிள்ளை. கேடயமும் பொல்லும் இவற்றில் எதற்கும் உதவாது. ஐந்து நாள் பயிற்சி கிடைத்தால் நாலு நாளை இவற்றுக்கு வையுங்கள். மிச்சம் ஒரு நாள் ஆர்ப்பாட்டத்துக்குப் போதும்.

ஆட்களைத் தெரிவு செய்தல்

ஒரு வகுப்புக்குப் பதினாறு பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் நடிப்புப் பயிற்சியில் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி என்றால் கறுவாத்தோட்டம், கொள்ளுப்பிட்டி, பொரளை ஆகிய நிலையங்களிலிருந்து கலந்து எடுக்கலாம். பதினாறில் நாலு பேராவது பெண் உத்தியோகத்தர்களாகவும், நாலு பேராவது தமிழில் சரளமாகப் பேசுபவர்களாகவும் இருக்கவேண்டும். கான்ஸ்டபிள்களை மட்டும் அனுப்பினால் பயிற்சி வீண்; திரும்பிப் போனதும் சார்ஜன்ட் பழைய முறைப்படிதான் கட்டளையிடுவார். சார்ஜன்ட், உப பொலிஸ் பரிசோதகர் தரத்தில் ஐந்தாறு பேரைச் சேருங்கள். நிலையப் பொறுப்பதிகாரிகளையும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரையும் கடைசி நாள் முழுக்க உட்காரவையுங்கள்.

இன்னொன்றையும் பெயர்ப்பட்டியல் போடும்போதே பாருங்கள். பயிற்சி பெற்ற எல்லாரும் பகல் முறைக்காரர்களாக இருந்தால், இரவு பதினொரு மணிக்கு விடுதியிலிருந்து அழைப்பு வரும்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள். இடமாற்றமும் வரும். ஆகவே ஒரு பொறுப்புக்கு இரண்டு பேர், வெவ்வேறு முறையில்.

புதிய மாணவர் அணி வருவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன் முதல் மூன்று நாளை நடத்துங்கள். மிச்சம் இரண்டு நாளை ஒரு மாதம் கழித்து வையுங்கள். இடையில் பொலிஸார் சந்தித்த உண்மையான சம்பவங்களே நான்காம் நாளுக்குப் பாடம்.

முதல் நாள்: வளாகத்தை நடந்து பார்த்தல்

காலையில் சீருடை இல்லாமல், பல்கலைக்கழக மார்ஷலோடு (வளாகத்தின் பாதுகாப்புக்கும் ஒழுங்குக்கும் பொறுப்பானவர்) நடக்கவேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகம் ஒரே மதிலுக்குள் அடங்கியதல்ல. குமாரதுங்க முனிதாச மாவத்தைப் பக்கம் பொது வீதியில் ஓட்டோவும் பஸ்ஸும் ஓடும். மருத்துவ பீடம் தனியாகக் கின்ஸி வீதியில் இருக்கிறது. எது வளாகம், எது பொது வீதி என்று தெரியாத உத்தியோகத்தர் எங்கே யாரிடம் கேட்கவேண்டும் என்பதையும் அறியமாட்டார். ஒவ்வொருவரும் கையால் ஒரு வரைபடம் கீறட்டும்: வாயில்கள், இரவில் பூட்டப்படும் வாயில் எது, சாவி யாரிடம், அம்பியுலன்ஸ் எங்கே திரும்பலாம், சிசிரிவி கமரா எங்கெங்கே.

பொலிஸார் வளாகத்துக்குள் போகக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் துணைவேந்தருக்கோ அவர் சார்பில் பொறுப்பானவருக்கோ அறிவிக்காமல் நுழைந்தால், வந்த காரணத்தை எல்லாரும் மறந்துவிட்டு நுழைந்ததைப் பற்றியே பேசுவார்கள். உயிராபத்து, நடந்துகொண்டிருக்கும் வன்முறை இரண்டுக்கும் காத்திருக்கத் தேவையில்லை, போய்க்கொண்டே அறிவிக்கலாம். மற்றதெல்லாம் அழைத்துச் சொல்லிவிட்டு, மார்ஷலோடு போகவேண்டிய வேலை. இதற்கு சட்டைப்பைக்குள் அடங்கும் ஓர் அட்டை செய்யுங்கள்: பதிவாளர், மார்ஷல் அலுவலகம், சிரேஷ்ட மாணவ ஆலோசகர்கள், விடுதிக் காப்பாளர்கள், பல்கலைக்கழக வைத்திய நிலையம். அலுவலக இலக்கம் மட்டும் இருந்தால் மாலை நாலரைக்குப் பிறகு அந்த அட்டை வெறும் கடதாசி. இரவு இலக்கம் கட்டாயம்.

பிற்பகலில் வாயில் பயிற்சி. ஒருவர் மார்ஷல், ஒருவர் மாணவர் ஒன்றியச் செயலாளர், இருவர் பொலிஸ். ஆறு நிமிடம். யார் வந்திருக்கிறார்கள், எதற்கு, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் முதல் நிமிடத்துக்குள் சொல்லவேண்டும். பெரும்பாலானவர்கள் முதல் தடவை தங்கள் அதிகாரத்தைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். திரும்பச் செய்யவிடுங்கள்.

சட்டத்தில் தெரிந்திருக்கவேண்டியது

அரை நாள் போதும். விரிவுரை அல்ல, சம்பவத் தாள்களை வைத்துக் கேள்வி பதில். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் முதலாவது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்திருந்தார். இந்தச் சட்டத்தில் பலர் தவறவிடுவது, குற்றம் நிறுவனத்துக்கு உள்ளேயோ வெளியேயோ நடந்திருக்கலாம் என்பதை. ‘போர்டிங்கில நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று பல்கலைக்கழகம் சொன்னாலும் பொலிஸார் அப்படிச் சொல்லமுடியாது. உடற்காயம் இருக்கவேண்டும் என்றும் இல்லை. மனவேதனையும் அச்சமும் போதும். பகிடிவதைக்கு 2 ஆண்டு வரை கடூழியச் சிறை. பகிடிவதையின்போது பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் 10 ஆண்டு வரை. அந்த வழக்கில் பிணை வழங்குவது மேல் நீதிமன்ற நீதிபதியின் கையில்.

மற்றவை சுருக்கமாக: கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும் என்கிற அரசியலமைப்பின் 13(1), 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்கிற குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பெண்ணைப் பெண் உத்தியோகத்தரே சோதனையிடவேண்டும் என்பது, பாலியல் தொல்லைக்கான தண்டனைக் கோவையின் 345ஆம் பிரிவு, சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம்.

இரண்டாம் நாள்: முறைப்பாட்டைக் கேட்டல்

முழு நாளையும் இதற்கு ஒதுக்குங்கள். இது பிழைத்தால் மற்றதெல்லாம் சரியாக நடந்தும் பயனில்லை.

மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்த முதலாம் ஆண்டு மாணவருக்குக் கொழும்பில் போர்டிங் பிடித்துக் கொடுத்தவர் பெரும்பாலும் அதே ஊர் சீனியர்தான். சாப்பாட்டுக் கடை காட்டியதும், பழைய நோட்ஸ் கொடுத்ததும் அவர்தான். அவருக்கு எதிராகவே முறைப்பாடு கொடுத்தால் இரவு படுக்க இடம் போய்விடும். மறுநாளே ஊரில் வீட்டுக்கும் கதை போய்விடும். அதனால் பெயர், முகவரி கேட்டதும் அடுத்த கேள்வி “என்ன நடந்தது?” அல்ல, “இண்டைக்கு ராத்திரி எங்க தங்குவீங்கள்?” என்பது. பதில் இல்லையென்றால் விடுதிக் காப்பாளரையோ மாணவ ஆலோசகரையோ அழைத்து இடம் உறுதியான பிறகே வாக்குமூலம். தங்க இடம் இல்லாமல் கொடுக்கிற வாக்குமூலத்தை அடுத்த கிழமையே வந்து வாபஸ் வாங்குவார்கள்.

மொழி. 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, விளங்காத தாளில் கையெழுத்து வாங்குவது வழக்கையே கெடுக்கும். நீதிமன்றத்தில் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று வரும். தமிழ் தெரிந்தவர் கடமையில் இல்லாவிட்டால் அடுத்த நிலையத்திலிருந்து அழைக்கவேண்டும். கூட வந்த நண்பரை மொழிபெயர்க்க விடாதீர்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் அனுப்பிவைத்த ஆளாகவும் அவர் இருக்கலாம்.

சிங்களம் பேசும் உத்தியோகத்தர்களுக்குப் பதினைந்து தமிழ் வாக்கியங்களைப் பேச்சுத் தமிழில் பழக்குங்கள்: ‘இருங்கோ’, ‘தண்ணி குடிக்கிறீங்களா?’, ‘ஆறுதலாச் சொல்லுங்கோ’, ‘தமிழ் தெரிஞ்ச மிஸ் வாறா, கொஞ்சம் பொறுங்கோ’. புதிதாகத் தமிழ் படித்தவர்கள் ‘நீ வா, நீ சொல்லு’ என்று தொடங்கிவிடுவார்கள். அதட்டும் எண்ணம் இருக்காது, ஆனால் கேட்பவருக்கு அதட்டலாகத்தான் படும். தம்பி, தங்கச்சி என்றாலும் ‘நீங்கள்’ போட்டே பேசவேண்டும்.

பயிற்சி இப்படி: நாலு பேர் கொண்ட குழு, ஒருவர் மாணவர், ஒருவர் உத்தியோகத்தர், ஒருவர் மொழிபெயர்ப்பாளர், ஒருவர் கவனிப்பாளர். இருபது நிமிடம் நடிப்பு, பத்து நிமிடம் பேச்சு. கவனிப்பாளர் ஒன்றை மட்டும் எண்ணட்டும்: மாணவர் சொல்லி முடிக்குமுன் எத்தனை தடவை குறுக்கிட்டார்கள். உத்தியோகத்தர் சொல்லவே கூடாத வாக்கியங்களைச் சுவரில் ஒட்டுங்கள்: ‘சும்மா பகிடிதானே’, ‘அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ’, ‘அவரையும் கூப்பிட்டுச் சமாதானமாப் பேசுவம்’. கடைசி வாக்கியம் நல்லெண்ணத்தில் வருவது. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவரை எதிரே உட்காரவைத்த நிமிடமே முறைப்பாடு செத்துவிடும்.

வட்ஸ்அப் ஆதாரம். செய்தியை முன்னனுப்பச் சொல்லாதீர்கள். அனுப்பியவர் இலக்கமும் நேரமும் அதோடு வராது. கைபேசியில் செய்தி திறந்திருக்கும்போதே இலக்கமும் நேரமும் தெரியப் படமெடுத்து, நிலையத்தின் தகவல் புத்தகத்தில் குறியுங்கள். மறையும் செய்திகள் என்றால் அந்த இடத்திலேயே செய்யவேண்டும். சிசிரிவியும் அப்படித்தான்: பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், ஆகவே பதிவைப் பாதுகாக்கும்படி முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட டயர் மோதி முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் படுகாயமடைந்தார். அதுபோன்ற சம்பவத்தை வைத்து ஓர் ஒத்திகை செய்யலாம்: படிக்கட்டை யார் மறிப்பது, டயரை யார் தொடுவது, கீழே நின்றவர்களின் பெயரை யார் எழுதுவது. முதல் ஒத்திகையில் எல்லாரும் காயப்பட்டவரைச் சுற்றி நிற்பார்கள். படிக்கட்டை மறிக்க ஆள் இருக்காது.

மூன்றாம் நாள்: மனநெருக்கடி, இரவுச் சோதனை

தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து குற்றமல்ல. இதை வகுப்பில் உரக்கச் சொல்லவேண்டியிருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்ட மாணவரின் அறைக்கு வெளியே ஒருவர் மட்டும் பேசவேண்டும், மற்றவர்கள் படிக்கட்டுக்குக் கீழே. சைரன் வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் அட்டையில் இருக்கட்டும்.

இரவு வீதிச் சோதனைக்கு 2016 ஒக்டோபர் 20ஐப் பாடமாக வையுங்கள். யாழ்ப்பாணம் குளப்பிட்டிச் சந்தியில், மோட்டார் சைக்கிளில் போன யாழ் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தார்கள். முதலில் விபத்து என்று சொல்லப்பட்டது; பிறகு பொலிஸ் துப்பாக்கிச் சூடு என்று வெளியாகி ஐந்து பொலிஸார் கைதானார்கள். இதில் பாடம் இரண்டு. நிற்காமல் போகிற வாகனத்தை நோக்கிச் சுடுவதில்லை, இலக்கத்தைக் குறித்து அடுத்த காவலரணுக்குச் சொல்வது. முதல் அறிக்கை உண்மையாக இருப்பது இரண்டாவது. அது பொய்த்தபின் எந்தப் பயிற்சியாலும் மாணவரின் நம்பிக்கையைத் திருப்பி எடுக்கமுடியாது.

போதைப்பொருள், போக்குவரத்து, கலைவிழா ஒழுங்கு இவை வழக்கமான நிலைய வேலைகள்தான். ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம்.

நான்காம் நாள்

இடையில் ஒரு மாதம் போனபின் வரும் நாள். உண்மையான முறைப்பாட்டுக் குறிப்புகளைப் பெயர் நீக்கிக் கொண்டுவரச் செய்யுங்கள். பிற்பகலில் மாணவ ஆலோசகர் இருவரையும் மாணவர் ஒன்றியத்தவர் இருவரையும் அழையுங்கள். முதல் ஒரு மணித்தியாலம் பொலிஸார் கேட்கமட்டும். இதைத்தான் அதிகாரிகள் அட்டவணையிலிருந்து வெட்டப்பார்ப்பார்கள், விடாதீர்கள்.

ஐந்தாம் நாள்: ஆர்ப்பாட்டம்

ஊர்வலம் அநேகமாக லிப்டன் சுற்றுவட்டத்திலோ வார்ட் பிளேஸில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முன்னாலோ வந்து நிற்கும். பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஊர்வலத்துக்கு ஆறு மணித்தியால முன்னறிவித்தல் கேட்கிறது. அறிவித்தல் வந்ததும் இருவர் கொண்ட தொடர்புக்குழு ஏற்பாட்டாளர்களைச் சந்திக்கவேண்டும்: பாதை, முடியும் நேரம், மனு வாங்க யார் வருவார். கடைசியைப் பலர் கேட்பதில்லை. மனுவை வாங்க ஆள் வராமல் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்ற கூட்டம்தான் தடுப்பைத் தள்ளும். தொடர்புக்குழுவினர் சாதாரணச் சீருடையில், ஆயுதமில்லாமல் நிற்கவேண்டும். கைபேசியில் முகங்களைப் படமெடுக்கக்கூடாது. ஒரு தடவை எடுத்தால் அடுத்த தடவை அவர்களோடு யாரும் பேசமாட்டார்கள்.

குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ் நீதவானின் தடைக் கட்டளை இருந்தால் மும்மொழியிலும் அச்சடித்துக் கையில் கொடுங்கள், ஒலிபெருக்கியிலும் வாசியுங்கள். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலையச் சொல்லும் அதிகாரம் அதே சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் கீழ்ப்பட்டவருக்கு இல்லை. கலையச் சொன்னால் எந்த வழியால் போவது என்றும் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் தடுப்புப் போட்டுவிட்டுக் கலையச் சொல்வது அடிக்கடி நடக்கிற பிழை.

கண்ணீர்ப்புகைக்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். வார்ட் பிளேஸைச் சுற்றி கண் வைத்தியசாலை, பல் வைத்தியசாலை, சற்று வடக்கே தேசிய வைத்தியசாலை, கின்ஸி வீதியில் டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று புகையை அந்தப் பக்கமே தள்ளும். பல்கலைக்கழகத்தடியில் என்றால் றோயல், தேர்ஸ்டன் கல்லூரிகள். பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விடும். குண்டின் காலாவதித் திகதி, மூடிய இடத்துக்குள் அடிக்காமை, ஆளை நேரே குறிவைக்காமை ஆகிய மூன்றையும் கட்டளையிடுபவர் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.

பிற்பகலில் மேலதிகாரிகளுக்கு அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2011 நவம்பர் 18இல் நடந்த சம்பவத்தைக் கொடுங்கள். உட்கார்ந்திருந்த மாணவர்கள்மீது மிளகுத் தெளிப்பான் அடிக்கப்பட்டது. மறு ஆண்டு வந்த விசாரணை அறிக்கையின்படி, அந்த வகைத் தெளிப்பானுக்கு அனுமதியும் இல்லை, அதில் பயிற்சியும் இல்லை. குறைந்தபட்சத் தூரத்தையும் விடக் கிட்ட நின்று அடித்திருந்தார்கள். நிர்வாகம் பலம் வேண்டாம் என்று நினைத்தது, ஆனால் பலம் என்றால் எது என்று பொலிஸாருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. இதை வைத்து எழுத்துப் பயிற்சி: துணைவேந்தர் வேடத்தில் ஒருவர் ‘நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். அதை ஏற்காமல், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, யார் நிறுத்தச் சொல்லலாம் என்று அரைப் பக்கத்தில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கவேண்டும்.

பின்தொடர்தல்

கைதுகளின் எண்ணிக்கையை அளவுகோலாக வைக்காதீர்கள். அது கூடினால் பயிற்சி பலித்தது என்றும் சொல்லமுடியாது, குறைந்தால் என்றும் சொல்லமுடியாது. மூன்று மாதம் கழித்து மூன்றைப் பாருங்கள்: அழைப்பு வந்து வாக்குமூலம் தொடங்க எவ்வளவு நேரம், தமிழில் வந்த முறைப்பாடுகளில் எத்தனை தமிழிலேயே பதிவாயின, எத்தனை வாபஸ் ஆயின. வாபஸ் ஆன ஒவ்வொன்றிலும் அந்த மாணவர் அன்றிரவு எங்கே தங்கினார் என்று தேடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இடமாற்றங்கள் முடிந்த கையோடு, அரை நாள் மீள்பயிற்சி வையுங்கள்: அட்டையிலுள்ள ஒவ்வோர் இலக்கத்துக்கும் இரவு எட்டு மணிக்கு அழைத்துப் பார்த்து, எடுக்காதவற்றை மாற்றுவதே அதில் முதல் வேலை.