பழைய அம்பாசடருக்கு ஆயில் மாற்ற எந்த ஸ்பேனர்?

ஆயிலும் ஃபில்டரும் வாங்கும் முன் வண்டிக்கு அடியில் போய் டிரெயின் பிளக்கை (பழைய ஆயிலை வடிக்கும் திருகை) பாருங்கள். டீசல் தொட்ட துணியால் அழுக்கைத் துடைத்து, பிளக் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) வைத்து அளந்துகொள்ளுங்கள். வாங்க வேண்டிய ஸ்பேனர் எது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

1489 சிசி அம்பாசடர் என்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) வழி வந்தது, அதில் பெரும்பாலும் இன்ச் போல்ட்தான். பத்மினி ஃபியட் வழி என்பதால் எம்எம். ஐசுசூ 1800 சிசி என்ஜின் போட்ட அம்பாசடரிலும் என்ஜினுக்கு எம்எம் செட்தான் வேண்டும்.

இன்ச்சை 25.4-ஆல் பெருக்கினால் எம்எம் வரும். 3/4 இன்ச் என்பது 19.05, அதனால் 19 எம்எம் கொஞ்சம் இறுக்கமாக ஏறிவிடும். 5/8-க்கு 16 சமாளிக்கும். 1/2 இன்ச்சில்தான் வம்பு. அது 12.7, அதில் 13 மாட்டினால் 0.3 எம்எம் ஆட்டம், இரண்டு தடவை வழுக்கினாலே தலை மழுங்கிவிடும். 9/16 என்றால் 14 நுழையாது, 15 சும்மா சுற்றும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கார் ஸ்பேர்ஸ் கடையில் இன்ச் ஸ்பேனர் இல்லாவிட்டால் டிராக்டர் ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்கள். பழைய மாஸி ஃபெர்குசனுக்கும் இன்ச் ஸ்பேனர்தான் தேவை. முழு செட் வேண்டாம், அளந்த அளவுக்கு மட்டும் நல்ல ரிங் ஸ்பேனரோ ஆறு முனை சாக்கெட்டோ போதும். வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கெட்டியான தரையில் ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக், செங்கல் எல்லாம் சட்டென்று நொறுங்கிவிடும். என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆறு லிட்டராவது பிடிக்கும் தட்டை அடியில் வைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். ஆயில் சூடாக இருக்கும், கையுறை போடுங்கள். செம்பு வாஷரைப் புதிதாகப் போடுவதே நல்லது. பழையதையே போடுவதானால் செக்கச் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் மிருதுவாகிவிடும். பிளக்கை முதலில் கையாலேயே மரை ஏற்றுங்கள். நீளக் குழாய் மாட்டி இறுக்கினால் சம்ப்பின் (அடி ஆயில் தொட்டியின்) மரை போய்விடும், அது பெரிய செலவு.

பிஎம்சி என்ஜினின் பழைய ஃபில்டர் கிண்ண வகை, நடுவில் ஒரே நீள போல்ட். கிண்ணத்தைக் கழற்றியதும் மேலே பள்ளத்தில் இருக்கும் ரப்பர் ரிங்கைப் பாருங்கள். அது கறுத்து, பள்ளத்தோடு ஒட்டி இரும்பு மாதிரியே தெரியும். அதை எடுக்காமல் மேலேயே புது ரிங்கை வைத்தால், என்ஜின் ஓடியதும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். பள்ளத்தில் கீறல் விழாதபடி வளைந்த ஊசியால் நெம்பி எடுங்கள்.

கிரானைட் லாரி போகிற ரோட்டோரம் நிற்கும் வண்டி என்றால் ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றிலும் தூசியைத் துடைத்த பிறகே திறக்கவும். 20டபிள்யூ-50 ஆயிலை டிப்ஸ்டிக் (ஆயில் மட்டம் காட்டும் குச்சி) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றவும்.

பழைய ஆயில் மத்திய அரசின் 2016 கழிவு விதிகளின்படி அபாயகரமான கழிவு. வாய்க்காலிலோ மாந்தோப்பிலோ கொட்டாமல், மூடியுள்ள கேனில் பிடித்து அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.