தமிழில் எஸ்எம்எஸ்: 70 இடத்துக்குள் சொல்லி முடிப்பது எப்படி?

வட்ஸ்அப் இருக்கும்போது எஸ்எம்எஸ் எதற்கு என்று கேட்பவர்கள், யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு வாசிகசாலைக்குச் செயலாளராக இருந்து பார்க்கட்டும். கூட்டத்துக்குத் தவறாமல் வருகிற ஐயாமார் கனபேர் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான் போகும் (ஒரு பைட் என்பது 8 பிட்). ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்து அடங்கும், தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு குறிக்கும் 2 பைட், ஆக 70தான். தாண்டினால் துண்டுக்கு 67 என்று பிரிந்து, துண்டுக்குத் துண்டு காசு போகும். போன் எண்ணுவதும் நாம் எண்ணுவது மாதிரியில்லை, எழுத்தோடு சேருகிற புள்ளியையும் மற்றக் குறிகளையும் தனித்தனியாக எண்ணும்: 'கூ' இரண்டு, 'க்' இரண்டு, 'ஸ்ரீ' நான்கு. (சிங்களத்தில் அதே ஸ்ரீக்கு ஐந்து, நடுவில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஒன்று ஒளிந்திருக்கிறது.)

சரி, எங்கே வெட்டுவது? முதலில் அழைப்பிதழ்த் தமிழை. "எதிர்வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு எமது வாசிகசாலையில் நடைபெறவிருக்கும்" என்பதற்கே 72 ஆகிவிடுகிறது, என்ன நடைபெறப் போகிறது என்று இன்னும் சொல்லவேயில்லை. "சனி மாலை 4க்கு வாசிகசாலையில் கூட்டம். வாருங்கள்." என்றால் 48. மரியாதை ஒன்றும் குறையவில்லை, 'வாருங்கள்' அதைப் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது, வினைமுற்றை வேலை வாங்குங்கள். 'வருகிறோம்' என்றாலே யார் என்பது விளங்கும், 'நாங்கள்' தேவையில்லை. 'வரமுடியாதவர்கள்' 15 இடம் பிடிக்கும், 'வரமுடியாதோர்' 12. இரண்டு மூன்று சொல்லில் சொல்வதை ஒட்டி ஒரே சொல்லாக்குவதில் தமிழ் கெட்டிக்காரி, இடைவெளியும் மிச்சம்.

தமிழ் நீட்டி முழக்குகிற மொழி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 17 மொழிகளை ஒப்பிட்டார்கள், தமிழ் அதில் இல்லை, ஆனாலும் அசைக்குக் குறைந்த தகவல் தருகிற ஜப்பானியம் வேகமாகவும் நிறையத் தருகிற வியட்நாமியம் ஆறுதலாகவும் பேசப்பட்டு, சராசரியாக நொடிக்கு 39 பிட் தகவல் என்ற அளவில்தான் வந்து நின்றன. இங்கே நம்மை இறுக்குவது பைட் கணக்கு மட்டும்தான்.

160 கிடைக்கும் என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதாதீர்கள், ஐயாமார் எழுத்துக்கூட்டி முடிக்கக் கூட்டமே முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இமோஜி கூடாது, ஒன்றைச் சேர்த்தாலே முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். நாள், நேரம், இடம் மூன்றிலும் கை வைக்காதீர்கள். எல்லாருக்கும் அனுப்பமுதல் ஒரு பட்டன் போனுக்கு அனுப்பிப் பாருங்கள், சிலதில் தமிழ் வெறும் கட்டமாகத்தான் தெரியும், அந்த வீட்டுக்கு அழைப்பு எடுத்துச் சொல்லிவிடுங்கள்.