பெற்றோர் பிணைப்பும் பணிமாற்றமும்: பழைய பழக்கத்தைக் கண்டறிந்து மாற்றும் வழி

ஆட்குறைப்புச் செய்தி அலுவலகத்தில் அடிபடத் தொடங்கியதும் ஒருவர் தெரிந்தவர்களிடம் விசாரித்து அடுத்த வேலைக்கு வழி தேடுகிறார், இன்னொருவர் யாரிடமும் வாய் திறக்காமல் நள்ளிரவு வரை உழைக்கிறார், மற்றொருவர் "எனக்கு ஒன்றும் ஆகாதல்லவா?" என்று மேலாளரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். உளவியலாளர்கள் ஜான் பௌல்பியும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் வளர்த்த, குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பந்தத்தை விளக்கும் பிணைப்புக் கோட்பாட்டின்படி, துன்பத்தில் பிறரை நாடுவதும் ஒதுங்குவதும், குழந்தைப் பருவத்தில் அழுகைக்குக் கிடைத்த பதிலிலிருந்து உருவாகத் தொடங்கும் பழக்கங்கள்.

முதலில் உங்கள் பெற்றோர் பிணைப்பை அக்கறை, கட்டுப்பாடு என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். கார்டன் பார்க்கரும் சக ஆய்வாளர்களும் 1979-இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியல், முதல் 16 ஆண்டு நினைவுகளைக் கொண்டு தாயையும் தந்தையையும் தனித்தனியே இவ்விரு கோணங்களில்தான் அளக்கிறது. பாசத்துக்குக் குறைவில்லாமலும், எந்த முடிவையும் பிள்ளையிடம் விடாமலும் இருந்த வீடுகள் ஏராளம். அங்கே வளர்ந்தவர்களுக்குக் குறை எங்கே என்று புலப்படுவதே கடினம். ஆகவே "அம்மா பாசமானவர்" என்று பொதுவாக எழுதாமல், மதிப்பெண் குறைந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு, யாரிடம் முதலில் சொன்னீர்கள், அவர் முதலில் என்ன கேட்டார், அடுத்து செய்ய வேண்டியதை யார் முடிவு செய்தார் என்று எழுதுங்கள். இன்றைய மனநிலை பழைய நினைவுக்குச் சாயம் பூசும் என்பதால், உடன்பிறந்தவரிடமும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து, அண்மையில் பணியில் வந்த ஒரு நெருக்கடியில் நீங்கள் முதலில் செய்ததைக் குறித்துக்கொண்டு, முன்பு எழுதிய நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிக்கலைத் தீர்க்க முயல்வது, அது எழுப்பும் உணர்ச்சியைத் தணிப்பது என்று உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் பிரித்துக் காட்டிய இரண்டுமே தேவையானவை. எப்போதும் ஒன்றையே பிடித்துக்கொள்வதுதான் தொல்லை.

பணித் தகவமைவுக்கு, அதாவது வேலையில் வரும் மாற்றங்களுக்கு ஈடுகொடுப்பதற்கு, உளவியலாளர் மார்க் சாவிக்காஸ் வருங்கால அக்கறை, தன்வசம் (முடிவுகளைத் தன் கையில் வைத்திருப்பது), ஆர்வம், நம்பிக்கை என நான்கு வளங்களைக் கூறுகிறார். மிகைக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர் தன்வசத்திலிருந்து தொடங்கலாம்: ஒரு பயிற்சியில் சேர்வதா என்பது போன்ற, தவறினாலும் திருத்திக்கொள்ளத்தக்க முடிவை முதலில் தாமே காரணத்தோடு எழுதிவைத்து, பிறகே பிறர் கருத்தைக் கேட்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பயிற்சியே வீண். அக்கறை குறைந்த வீட்டில் வளர்ந்து உதவி கேட்கக் கூசுபவர், "வழிகாட்டுங்கள்" என்று கேட்பதைவிட, "இந்தத் துறைக்கு மாற எனக்கு எந்தத் திறன் குறைகிறது?" என்று விடை சொல்லக்கூடிய ஒரே கேள்வியோடு ஒருவரை அணுகலாம். உறுதிமொழிக்காக ஏங்குபவர் மேலாளரிடம் ஒருமுறை தெளிவாகக் கேட்டு, பதிலை எழுதிவைத்து, மீண்டும் கேட்கத் தோன்றும்போது அதையே படிக்கலாம்.

பிறவி இயல்பும் வேலைச் சந்தையும் பெற்றோர் அளவுக்கே கணக்கில் வர வேண்டியவை; எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமன்று. வன்முறையோ கைவிடலோ நினைவில் எழுந்து உறக்கத்தைக் கெடுத்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு உளவியல் ஆலோசகரை நாடுங்கள்.