ரிசீவரில் வந்த உறுமல்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர் ரிசீவரை (ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கும் பெட்டி) போட்டாலே ஸ்பீக்கர்களில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கூரை டிஷ்ஷின் கேபிளை, ரிவி சனல்களைத் தரும் டிஷ் பெட்டியிலிருந்து கழற்றியதும் சத்தம் நின்றது. டிஷ் கேபிள் ஒரு பக்கம், மின்பிளக்கின் எர்த் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே ஓடும் சிறு மின்னோட்டம்தான் அப்படி இரைகிறது. சிலர் பிளக்கின் எர்த் காலை வெட்டச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், உயிருக்கு ஆபத்து.

டிஷ் பெட்டியை ரிசீவருக்குக் கொடுக்காமல், எச்டிஎம்ஐ கேபிள் மூலம் ரிவிக்கே கொடுத்தேன். அப்புறம் ரிவியிலிருந்து ரிசீவருக்கு ஒப்டிக்கல் கேபிள் மட்டும். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் இல்லை. உறுமல் வர வழியே இல்லை. டொல்பி டிஜிட்டல் 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியான ஒலி, தாராளமாக வருகிறது. அதற்கு எங்கள் ரிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' (ரிவியே ஒலியைப் பிரித்து அனுப்புவது) என்றிருந்ததை 'பிட்ஸ்ட்ரீம்' (பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) ஆக்க வேண்டியிருந்தது.