பெருந்தொற்றுக் காலத்துப் பிரசவம்: மலையில் செய்யக் கூடாத தவறுகள்

கோவிட் வந்தபோது பல பிரசவ வார்டுகளில் முதலில் வெளியே அனுப்பப்பட்டது துணைக்கு வந்த அம்மாவும் மாமியாரும்தான். கூட்டத்தைக் குறைத்தது சரி, ஒருவரையும் விடாததுதான் தவறு. பெண் விரும்பும் ஒருவர் உடன் இருக்கட்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்களிலும் சொன்னது.

நீலகிரியில் இந்தத் தவறு இன்னும் பெரிது. பந்தலூர், கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் குடிகளிலிருந்து வரும் பெண்ணுக்கு வீட்டுமொழி வேறு. இடுப்பு வலி உச்சத்தில் இருக்கும்போது கேள்விக்குத் தமிழில் பதில் வராது. பேசித் தரக்கூடிய ஒரே ஆளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, ‘ஒத்துழைக்கவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது என்ன நியாயம்? காய்ச்சல், இருமல் இல்லாத ஒருவர், முகக்கவசத்தோடு, ஆள் மாற்றாமல், வார்டில் சுற்றாமல் இருந்தால் போதும்.

‘கோவிட் ரிசல்ட் வரட்டும்’ என்று வலியோடு வந்தவளை வாசலில் உட்கார வைப்பது அடுத்த தவறு. பரிசோதனைக்காகப் பிரசவத்தைத் தாமதிக்கக் கூடாது, மாதிரியை எடுத்து அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று 2020 மே மாதமே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லிவிட்டது. மலையில் தாமதத்துக்குப் பஞ்சமே இல்லை. ராத்திரியில் யானை வழியை மறிக்கும், மழையில் மண் சரியும், 108-ஐக் கூப்பிடவே சிக்னல் தேடி மேடேற வேண்டும். அத்தனையும் தாண்டி வந்தவளைக் கோவைக்கு அனுப்பத்தான் வேண்டுமென்றால், அங்கே படுக்கை இருக்கிறதா என்று போனில் உறுதி செய்துகொண்டு, கூட ஒரு செவிலியரையும் ஏற்றி அனுப்புங்கள். ஒரு சீட்டை மட்டும் கையில் கொடுத்து மலையிறக்காதீர்கள்.

பாசிட்டிவ் என்பது மட்டுமே சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குழந்தையைப் பிரிப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாய்க்குத் தொற்று என்றதும் சிசுவைத் தனி அறைக்குக் கொண்டுபோய்ப் பால்பவுடர் கரைத்தவர்கள் உண்டு. தாய் முகக்கவசம் அணிந்து, கையைச் சோப்பால் கழுவிவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எழுந்து உட்கார முடியாத அளவு அவளுக்கு முடியவில்லை என்றால் பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுக்கலாம். முதலில் சுரக்கும் சீம்பாலை விடாதீர்கள்.

இதில் ஊட்டிக் குளிரையும் சேர்த்து யோசியுங்கள். காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்து வை என்ற விதி சமவெளிக்கு நன்றாகப் பொருந்தும். ஜனவரி உறைபனியில் அதே ஜன்னல் ஈரம் காயாத சிசுவுக்கு ஆபத்து. பிரசவ அறையின் சூடு 25 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. பிரசவ நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பிறகு திறக்கலாம். குழந்தையைத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் போட்டு, மேலே துணி போர்த்துங்கள். ஹீட்டர் இல்லாத சுகாதார நிலையத்திலும் அந்தச் சூடு கிடைக்கும். முதல் நாள் குளிப்பாட்டவும் வேண்டாம்.

கவச உடைக்குள் இருப்பது யாரென்று அவளுக்குத் தெரியாது. நெஞ்சுப் பக்கம் மார்க்கரால் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கை வைக்குமுன், “கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்குன்னு பாக்கப் போறேன்மா, பாக்கட்டுமா?” என்று கேளுங்கள். டபுள் டியூட்டி களைப்பு உண்மைதான், அதற்காக அதட்ட உரிமை வந்துவிடாது.

“அந்தப் பாசிட்டிவ் கேஸ் எங்கே?” என்று வராந்தாவில் கத்துவது அவள் வீடு திரும்பிய பிறகும் விடாது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டு. விஷயம் தெரிந்தால் தண்ணீர்க் குழாயடியில்கூட இடம் கிடைக்காது. தொற்றுக்குப் பயந்து கிராம சுகாதாரச் செவிலியரும் அந்த வாசலை மிதிக்காமல் விட்டால், பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களை அவள் தனியாகத்தான் கடக்க வேண்டும். உள்ளே போக முடியாவிட்டால் முற்றத்தில் நின்றாவது கேளுங்கள்: ரத்தப்போக்கு அதிகமா, காய்ச்சலா, தலைவலியோடு கண் மங்குகிறதா, குழந்தை பால் குடிக்கிறதா? ஒன்று சரியில்லை என்றாலும் அங்கிருந்தே 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை கூட இருங்கள்.