கார்பன் ஸ்டீல் கத்திக்குக் கருமை ஏற்றுவது

கையால் செய்த கத்தி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கூர்மையைவிட அலகின் நிறத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். மாங்காய் நறுக்கிய இரும்பு அரிவாள்மனை கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பட்டினா. செந்துரு இரும்பை அரித்துக்கொண்டே போகும். இந்தக் கரும்படலம் அந்த அரிப்பை ஓரளவு தள்ளிப்போடும். வினிகரில் ஊறவைத்து இதை நாமே வரவழைக்கலாம்.

1095 என்ற எஃகு ரகம் மாதிரியான கார்பன் ஸ்டீலில்தான் இது எடுபடும். எவர்சில்வரில் உள்ள குரோமியம் இப்படிக் கறுக்க விடாது.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் அலகை நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். அப்புறம் அதை விரலால் தொடவே கூடாது. என் முதல் கத்தியில் பெருவிரல் ரேகை வெள்ளையாக அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்தில் வினிகர் பிடிக்கவில்லை. சமையல் வினிகரை வெதுவெதுப்பாக்கி, உயரமான டம்ளரில் ஊற்றி, பிடி நனையாமல் அலகை மட்டும் இறக்குங்கள். சிறு குமிழிகள் ஒட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் வந்ததும் சரி, போதும். மேலும் ஊறவிட்டால் அலகு சொரசொரப்பாகிவிடும்.

எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, மினரல் ஆயில் தடவுங்கள். கூர் கொஞ்சம் மழுங்கியிருக்கும். கல்லில் நாலு இழுப்பு இழுத்தால், கறுத்த அலகின் ஓரத்தில் வெள்ளிக்கோடு போல விளிம்பு பளிச்சென்று தெரியும். எனக்கு அதுதான் பிடித்த கட்டம்.